‘ழ’ வரவில்லையா? சிறு குழந்தைக்கு வீட்டிலேயே ஒலிப்புப் பயிற்சி அளிக்கும் முறை

நங்கநல்லூரில் வளரும் குழந்தை தன் வீட்டைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பழகினாலே தமிழின் கடினமான ஒலிகள் பலவற்றுக்குப் பயிற்சி கிடைத்துவிடும். ரயில் ஏறுவது பழவந்தாங்கலில். அருகே புழுதிவாக்கம், தெற்கே கீழ்க்கட்டளை. மூன்றிலும் ழகரம் உள்ளது. இடையில் உள்ள உள்ளகரத்தில் ளகரம். நான்கு வயதுக் குழந்தை இப்பெயர்களைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘பலவந்தாங்கல்’ என்றோ ‘பயவந்தாங்கல்’ என்றோதான் வரும்.

இப்பகுதியில் புறநோயாளிகளைப் பார்க்கும்போது நான் அடிக்கடி கேட்கும் குறை இது: “டாக்டர், இவனுக்கு ‘ழ’ வரவே மாட்டேங்குது. நாக்குல ஏதாவது பிரச்சினையா?” பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான் இதை முதலில் கவனித்திருப்பார்கள். குழந்தையை அருகில் நிறுத்தி, “டாக்டர் மாமாகிட்ட வாழைப்பழம்னு சொல்லு” என்பார்கள். குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பலமுறை சோதிக்கப்பட்ட குழந்தை அது என்பதை அந்த மௌனத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

இவ்வாறு அழைத்து வரப்படும் குழந்தைகளுள் பலருக்கு எந்த நோயும் இல்லை, வயதுதான் போதவில்லை. சிலருக்குச் சில மாதப் பயிற்சி தேவைப்படும். மிகச் சிலருக்கு, ழகரம் வராதது வேறொரு சிக்கலின் வெளித்தோற்றமாக இருக்கும். இம்மூவரையும் எவ்வாறு பிரித்தறிவது, பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு வீட்டிலேயே எவ்வாறு உதவுவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. ழகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும் ர, ள, க, ச போன்ற பிற ஒலிகளுக்கும் இம்முறையே பொருந்தும். நாக்கு நிற்கும் இடம் மட்டுமே மாறும்.

எந்த ஒலி எந்த வயதில் வரும்?

உதடுகள் சேர்ந்து பிறக்கும் ப, ம ஆகிய ஒலிகள் முதலில் வருகின்றன. ‘அம்மா’, ‘அப்பா’ ஆகிய சொற்கள் குழந்தைக்கு எளிதாக வாய்ப்பதற்கு இது ஒரு காரணம். த, ந, க போன்றவை அவற்றைத் தொடர்கின்றன. நாக்கு துல்லியமாக அசைய வேண்டிய ஒலிகள் காலம் தாழ்த்தியே வரும். ர, ற, ழ ஆகியவை அத்தகையவை. ஷாரின் மெக்லியோட், காத்ரின் குரோ ஆகிய இரு ஆய்வாளர்கள் 27 மொழிகளில் குழந்தைகள் மெய்யொலிகளைக் கற்கும் விதத்தைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐந்து வயது நிறையும்போது குழந்தைகள் தம் மொழியின் பெரும்பாலான மெய்யொலிகளைச் சரியாக ஒலிக்கின்றனர் என்பது அதன் முடிவு. ‘பெரும்பாலான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசியாக வரும் ஓரிரு ஒலிகள் ஐந்து வயதைத் தாண்டியும் திருந்திக்கொண்டே இருக்கலாம். தமிழ்க் குழந்தைகளிடம் அவ்வாறு பின்தங்கும் ஒலிகளுள் ழகரமும் ஒன்று.

அதுவரை குழந்தை தனக்கு வராத ஒலியை விட்டுவிட்டு, அதற்கு அருகில் உள்ள எளிய ஒலியைப் பயன்படுத்திக்கொள்ளும். இதனால் வீட்டில் வேடிக்கைகளும் நிகழும். ககரம் வராத இரண்டரை வயதுக் குழந்தை ‘காக்கா’ என்பதைத் ‘தாத்தா’ என்று சொல்லும். மொட்டைமாடியில் பத்துத் தாத்தாக்கள் பறந்து வந்ததாகச் செய்தி கூறும். ரகரம் வராத குழந்தை ‘மரம்’ என்பதை ‘மலம்’ என்று சொல்லும். வீட்டில் உள்ளவர்கள் ஒருமுறை சிரித்தால் குழந்தையும் சேர்ந்து சிரிக்கும். விருந்தினர் வரும்போதெல்லாம் சொல்லச் சொல்லிச் சிரித்தால், சில நாட்களில் அந்தச் சொல்லையே சொல்லாமல் விட்டுவிடும். மரம் என்று சொல்லாமல், கையை நீட்டிக் காட்டத் தொடங்கும். ஒலிப்புக் குறையைக் காட்டிலும் நான் அஞ்சுவது இந்த ஒதுங்கலையே. ஒலியைப் பின்னரும் திருத்தலாம். பேசினால் சிரிப்பார்கள் என்று ஐந்து வயதில் கற்றுக்கொண்ட குழந்தை வகுப்பில் ஐயம் கேட்பதற்கும் எழுந்து நிற்காது.

தனி ஒலிகளைக் காட்டிலும் ஒட்டுமொத்தப் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதே நல்ல அளவுகோல். குழந்தையை முன்பின் அறியாத ஒருவருக்கு, இரண்டு வயதில் அதன் பேச்சில் ஏறத்தாழப் பாதி புரிய வேண்டும். மூன்று வயதில் முக்கால் பங்கு. நான்கு வயதில், சில ஒலிகள் பிழையாக இருந்தாலும், ஏறத்தாழ முழுவதும் புரிய வேண்டும். தாய்க்குப் புரிகிறதா என்று பார்க்காதீர்கள். தாய்க்கு எல்லாமே புரியும். தெருமுனைக் கடைக்காரருக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

முதலில் செவியைச் சோதியுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன், பேச்சுத் தெளிவில்லாத ஒரு குழந்தையின் தாயிடம், “வளர வளரச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பினேன். ஓராண்டு கழித்து அக்குழந்தைக்கு இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவாக இருப்பது வேறோர் இடத்தில் கண்டறியப்பட்டது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்று தாய் சொன்னதை நான் போதுமானதாகக் கொண்டுவிட்டேன். சற்றே குறைவாகக் கேட்கும் குழந்தையும் கூப்பிட்டால் திரும்பும். தொலைக்காட்சி ஒலிக்கும் திரும்பும். அதற்குக் கேட்காமல் போவது, ஒத்த ஒலிகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுதான். மழைக்கும் மலைக்கும் இடையிலான வேறுபாடு அத்தகையது. அன்று முதல், பேச்சுத் தெளிவில்லை என்று அழைத்து வரப்படும் எந்தக் குழந்தையையும் செவித்திறன் பரிசோதனை இன்றி நான் திருப்பி அனுப்புவதில்லை.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வதுண்டு. இதில் வலி இருப்பதில்லை. காதிலிருந்து எதுவும் வடிவதும் இல்லை. ஆகவே பெற்றோருக்குத் தெரியாமலே போகிறது. சில வாரங்கள் நன்றாகக் கேட்கும், சில வாரங்கள் மங்கலாகக் கேட்கும். வாயைத் திறந்து உறங்குதல், குறட்டை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைத்தல், “என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியவை இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவித்திறன் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. சிறு குழந்தைகளுக்கு உறக்கத்திலேயே செய்யும் முறைகளும் உள்ளன.

உங்கள் வீட்டில் ழகரம் உண்டா?

பெற்றோர் விரும்பாத கேள்வி இது. ஆயினும் கேட்டாக வேண்டும். சென்னைப் பேச்சுவழக்கில் ‘வாழைப்பழம்’ பலருடைய வாயில் ‘வாயப்பயம்’ ஆகிறது. தென்மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் பேச்சிலும் அதுவே ‘வாளப்பளம்’ ஆகிறது. இவை வட்டார வழக்குகள். நோயோ குறைபாடோ அல்ல. தாயும் தந்தையும் ‘பளம்’ என்று பேசும் வீட்டில் குழந்தை ‘பளம்’ என்று சொன்னால், அது கேட்டதைப் பிழையின்றிக் கற்றிருக்கிறது என்றே பொருள். அக்குழந்தைக்கு மருத்துவம் தேவையில்லை. பள்ளியில் படிக்கவும் மேடையில் பேசவும் ழகரம் வேண்டும் என்று விரும்பினால் கற்பிக்கலாம்; ஆனால் கற்பிப்பவர் முதலில் தம் பேச்சில் அதைக் கொண்டுவர வேண்டும். தாம் ‘பளம்’ என்று சொல்லிக்கொண்டே குழந்தையை மட்டும் திருத்தும் தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடன் வாதிடுவது எளிதன்று.

வீட்டில் இரண்டு மொழிகள் பேசப்படுவதால் ஒலிப்புக் குறைபாடு வராது. தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ வீட்டுமொழியாக இருந்தால் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு இன்னொரு குழப்பமும் நேர்வதுண்டு. ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பலகையில் ழகரத்தை இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதியிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை அதைப் ‘பஜவந்தாங்கல்’ என்று படித்தால், பிழை நாக்கில் இல்லை, பலகையில்தான் இருக்கிறது. அதே பலகையின் தமிழ் வரியைக் காட்டிப் படித்துக்காட்டுங்கள்.

நாக்கு எங்கே நிற்க வேண்டும்?

குழந்தைக்குக் கற்பிக்கும் முன் நீங்கள் கண்ணாடியின் முன் நின்று உங்கள் நாக்கைக் கவனியுங்கள். ‘ல’ என்று சொல்லும்போது நாநுனி மேற்பற்களுக்குப் பின்னால் உள்ள ஈறைத் தொடுகிறது. ‘ள’ என்று சொல்லும்போது நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொட்டு விழுகிறது. ‘ழ’ என்று சொல்லும்போது நுனி அதேபோல் பின்னோக்கி வளைகிறது. ஆனால் எதையும் தொடுவதில்லை. நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ள, நடுவில் உள்ள இடைவெளி வழியாகக் குரல் தடையின்றி நீண்டு வருகிறது. ‘ழ்ழ்ழ்’ என்று மூச்சு உள்ளவரை இழுக்க முடியும். தொல்காப்பியம் தன் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று ஓர் இனமாகவும், லகர ளகரங்களை நாவின் விளிம்பால் பிறப்பவை என்று வேறோர் இனமாகவும் வைக்கிறது. இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் ழகரத்தைக் கற்பிக்கும்போது கவனிப்பதும் நுனி தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்பதையே.

குழந்தை எந்த ஒலியை மாற்றாகச் சொல்கிறது என்பதைக் கொண்டு அதற்குச் சொல்ல வேண்டிய குறிப்பு மாறும். ‘பளம்’ என்றால் நாக்கு சரியான இடத்துக்கு வந்துவிட்டது, தொட்டுவிடுகிறது. “கூரையில் இடிக்காமல் நில்” என்று சொன்னால் போதும். இக்குழந்தைகள் விரைவில் கற்பார்கள். ‘பலம்’ என்றால் நுனி முன்னாலேயே நின்றுவிடுகிறது. “நாக்கை வீட்டுக்குள்ளே இழுத்துக்கொள்” என்று சொல்லிப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். ‘பயம்’ என்றால் நுனி மேலெழவே இல்லை. கீழ்ப்பற்களின் பின்னே படுத்திருக்கிறது. இவர்களுக்குத்தான் கூடுதல் காலம் தேவைப்படும்.

ஒலியை வரவழைக்க ஓர் எளிய வழி உண்டு. குழந்தையை ‘ஆ’ என்று நீட்டச் சொல்லுங்கள். குரலை நிறுத்தாமல், நாக்கின் நுனியை மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சுருட்டச் சொல்லுங்கள். ‘ஆ’ என்னும் ஒலி தானாகவே ‘ஆழ்’ என்று மாறும். உள்ளங்கையை நாக்காகவும் விரல்நுனிகளை நாநுனியாகவும் கொண்டு, கையை மெதுவாகச் சுருட்டிக் காட்டினால் குழந்தைக்கு விளங்கும். உதடுகளைக் குவிக்க வேண்டாம். முதல்முறை சரியான ஒலி வந்தவுடன், “இதுதான்!” என்று உடனே சொல்லுங்கள். எது சரி என்று குழந்தைக்குத் தெரியாது. நீங்கள்தான் அடையாளம் காட்ட வேண்டும்.

பல்லாங்குழியும் சமையலறையும்

பயிற்சி வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. முதல் ஒரு வாரம் குழந்தையை எதையும் சொல்லச் சொல்லாதீர்கள். கேட்க மட்டும் விடுங்கள். இதற்குப் பல்லாங்குழிப் பலகையும் சோழிகளும் மிகப் பொருத்தமானவை. அவ்விரண்டின் பெயரிலுமே ழகரம் உள்ளது. நீங்கள் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: மழை, மலை, கிளி, குழி, பல், பழம், புளி, ஏழு. ழகரம் கேட்டால் மட்டும் குழந்தை ஒரு சோழியைக் குழியில் போட வேண்டும். பலகையில் பதினான்கு குழிகள் உள்ளன. பதினான்கும் நிறைந்தால் ஆட்டம் முடிந்தது. சில நேரம் நீங்களே வேண்டுமென்று தவறாகச் சொல்லிக் குழந்தை உங்களைத் திருத்தட்டும். பாட்டியைத் திருத்துவதில் குழந்தைக்கு உள்ள மகிழ்ச்சியை எந்தப் பரிசும் தராது. சோழி, புளியங்கொட்டை போன்றவற்றை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மழைக்கும் மலைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையின் காது பிரித்தறிந்த பின்னரே வாய்ப்பயிற்சிக்கு வர வேண்டும். முதலில் தனி ஒலி. அடுத்து ‘ஆழ்’, ‘ஈழ்’, ‘ஊழ்’ போன்ற அசைகள். அதன்பின் ழகரம் இறுதியில் வரும் ‘கூழ்’, ‘கீழ்’, ‘தமிழ்’ போன்ற சொற்கள். நாக்கு அந்நிலையில் நின்றுவிடலாம் என்பதால் இவை எளியவை. பிறகு இடையில் வரும் ‘மழை’, ‘ஏழு’, ‘பழம்’. ழகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. ஆகவே முதலெழுத்துப் பயிற்சி தேவையில்லை. ‘வாழைப்பழம்’ என்பதில் இரண்டு முறை நாக்கு வளைய வேண்டும். எல்லாரும் முதலில் கேட்கும் அந்தச் சொல், உண்மையில் கடைசியில் வர வேண்டிய சொல். வாழைப்பழத்தையும் கிழவரையும் வழுக்கலையும் கோத்துச் செய்த நா பிறழ் வாக்கியங்களும் அவ்வாறே. ஒலி நன்கு படிந்தபின் விளையாட்டாகச் சொல்லலாம். ஒலி வராத குழந்தைக்கு அவை தண்டனையாகவே அமையும்.

பத்து முறை சொன்னால் எட்டு முறை சரியாக வருகிறது என்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். ஐந்துக்கும் குறைவாக வந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள், முடிந்தால் இரு வேளை. அதற்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அமர்த்திவைப்பதைக் காட்டிலும் நாள்தோறும் ஐந்து நிமிடம் பயனுள்ளது. குழந்தை களைத்திருக்கும்போதும், பள்ளியிலிருந்து வந்தவுடனும் தொடங்காதீர்கள். ஒரே காலத்தில் ஒரே ஒலி. ழகரத்துடன் ரகரத்தையும் றகரத்தையும் சேர்த்துத் திருத்த முயன்றால் மூன்றும் குழம்பும்.

சொற்கள் வந்தபின் பயிற்சியைச் சமையலறைக்கு மாற்றலாம். குழம்பு, கூழ், கேழ்வரகு, புழுங்கலரிசி, உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைத்தண்டு, எலுமிச்சம்பழம், கொழுக்கட்டை, தேன்குழல் என்று தமிழர் சமையலறையில் ழகரத்துக்குக் குறைவே இல்லை. காய்கறி வாங்கி வந்த பையை அவிழ்த்து, எது என்ன என்று குழந்தையை எடுத்துவைக்கச் சொல்லலாம். சாப்பிடும்போது, “குழம்பு வேணுமா, ரசம் வேணுமா?” என்று கேட்டால், விடையைச் சொல்லியே ஆக வேண்டும். தனிச் சொல்லில் நன்றாக ஒலிக்கும் குழந்தை, ஓடியாடிப் பேசும்போது பழைய ஒலிக்கே திரும்பும். இது பின்னடைவன்று. பழக்கம் பேச்சில் ஊறுவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும்.

தவறாகச் சொல்லும்போது என்ன செய்வது?

பயிற்சி நேரத்தில் மட்டும் திருத்துங்கள். மற்ற நேரங்களில் குழந்தை சொல்ல வந்த செய்தியைக் கேளுங்கள். “அம்மா, மயை பெய்யுது!” என்று ஓடி வந்தால், “மழை பெய்யுதா? அட, பெரிய மழைதான்! மழையில துணி நனையுதே” என்று விடையளியுங்கள். சரியான ஒலி மூன்று முறை குழந்தையின் காதில் விழுந்துவிட்டது; அதைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை; துணியும் எடுத்தாயிற்று. “மயை இல்ல, மழை. சொல்லு, ழை, ழை” என்று அங்கேயே நிறுத்தினால், குழந்தை மழையைப் பற்றிச் சொல்ல வந்ததை மறந்துவிடும். இரண்டாம் முறை ஓடி வராது.

உடன்பிறந்தோர் கேலி செய்வதைத் தடுங்கள். உறவினர் முன் சொல்லிக்காட்டச் சொல்லாதீர்கள். மழலை இனிமையாக இருக்கிறது என்று நீங்களும் அவ்வாறே மழலையாகப் பேசாதீர்கள். குழந்தைக்குக் கேட்க நல்ல முன்மாதிரி வேண்டும்.

செய்யக் கூடாதவை

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சுத் தெளிவாகும் என்னும் நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் உள்ளது. அது பேச்சைத் திருத்தாது. குழந்தைக்கு வாந்தியை உண்டாக்கலாம், பொடி மூச்சுக்குழலுக்குள் போகலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தருவதும் கூடாது. பொட்டுலிசம் என்னும் கடும் நச்சுப் பாதிப்பு நேரலாம். நாக்கை வெளியே நீட்டுதல், மெழுகுவத்தியை ஊதுதல், பலூன் ஊதுதல் போன்றவற்றைப் பேச்சுப் பயிற்சியாகச் சிலர் கற்பிக்கின்றனர். ஊதுவது ஊதுவதற்கு உதவும். ஓர் ஒலியைக் கற்க அந்த ஒலியையே பழக வேண்டும்.

நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று எண்ணி, அதை வெட்டிவிடச் சொல்லிப் பலர் வருகின்றனர். அச்சவ்வு சற்றுக் குட்டையாக உள்ள பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பேசுகின்றனர். நாக்கைச் சிறிதும் மேலே தூக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் மட்டுமே அறுவை சிகிச்சையைப் பற்றி எண்ண வேண்டும்; அதையும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்த பிறகே முடிவுசெய்ய வேண்டும். வெட்டியபின் பேச்சு தானாகத் திருந்திவிடாது. பேச்சு தாமதமான குழந்தைக்குச் சவ்வை வெட்டுவதால் எப்பயனும் இல்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மற்ற ஒலிகள் அனைத்தும் சரியாக இருந்து, நான்கு அல்லது ஐந்து வயதில் ழகரம் மட்டும் வரவில்லை என்றால் மேற்கூறியவாறு வீட்டில் பழக்கலாம். ஏழு வயதுக்குப் பின்னும் வரவில்லை, வீட்டிலோ பிறர் அதை ஒலிக்கின்றனர் என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஆனால் பின்வரும் நிலைகளில் வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம்: பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வயதிலும் திரும்பாமை; ஒன்றரை வயதிலும் ஒரு சொல்லும் சொல்லாமை; இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை; மூன்று வயதில் வீட்டாருக்கே பேச்சு புரியாமை; நான்கு வயதுக்குப் பின்னும் ககரத்துக்குத் தகரம் சொல்லுதல்; பேசிக்கொண்டிருந்த குழந்தை எந்த வயதிலும் பேச்சை இழத்தல். பேசும்போது காற்று மூக்கு வழியே வந்தாலோ, குடிக்கும் பால் மூக்கில் ஏறினாலோ அண்ணத்தில் வெளியே தெரியாத பிளவு இருக்கக்கூடும். அதற்கு எவ்வளவு பயிற்சி அளித்தாலும் பயனில்லை. முதலில் மருத்துவர் வாயைப் பார்க்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, ஆர்.பி.எஸ்.கே. என்று அழைக்கப்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்யப்படுகிறது. நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வருகின்றனர். கேட்கும் திறன் குறைவு, மொழி வளர்ச்சித் தாமதம், அண்ணப் பிளவு ஆகியவை அவர்கள் பார்க்கும் நிலைகளுள் அடங்கும். தனியார் பள்ளியில் படிக்கும் குழந்தையைப் பெற்றோரே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கப்படும். எங்கே செல்வது என்ற ஐயம் இருந்தால் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். மிகுதியான காது கேளாமை உள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதற்கு வயது வரம்பு உண்டு என்பதால் தாமதம் கூடாது.

தனியாரிடம் செல்வதாயின், அப்பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, பதிவு எண்ணைக் காட்டுவது அவர் கடமை.

முதல்முறை செல்லும்போது, குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் பெரும்பாலான குழந்தைகள் வாயைத் திறப்பதில்லை. எந்தெந்தச் சொற்களை எப்படிச் சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தபோது செவித்திறன் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், நங்கநல்லூரிலிருந்து செல்வோருக்குப் பழவந்தாங்கலில் புறநகர் ரயில் ஏறி எழும்பூரிலேயே இறங்குவது எளிது. வழியில் வரும் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் நீங்கள் படித்துக்காட்டுங்கள். ழகரம் கேட்டால் குழந்தை கையைத் தூக்கட்டும். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் கை உயர வேண்டும்.